இருபத்துநாலு வோல்ட்

முதுநகர் காயலான் கடையில்
ஏலத்தில் வந்த ராணுவ லாரி
எலும்பு எலும்பாகப் பிரிந்துகொண்டிருந்தது.
ஆக்சிலுக்கு ஆள் இருந்தது, டயருக்கு அடிதடி.
டேஷ்போர்டுக்கு அடியிலிருந்த சதுரப் பெட்டியை
யாரும் தொடவில்லை.
ஹீட்டர்.
"கடலூருக்கு எதுக்குண்ணே சூடு?
மேலேர்ந்து சும்மாதானே கொட்டுது"
என்று சிரித்துக்கொண்டே எடை போட்டார் சிக்கந்தர்.
நானூற்று எழுபது ரூபாய்.
கடல்நீர் பம்புக்கு ரப்பர் இறக்கை வாங்க
குணவதியக்கா கொடுத்த பணம் அது.

என் கணக்கு இருசப்பனின் விரல்கள்.
ஐஸ் அறைக்குள் இறங்கி
கட்டி உடைத்து, மீன் அடுக்கி, மேலே ஐஸ் வாரி,
அதன்மேல் மீன், அதன்மேல் ஐஸ்.
நாலாம் நாள் ராத்திரி
பீடிக் கட்டைப் பிரிக்க முடியாமல்
அவை பத்தும் விறைத்து நிற்கும்.
எதுவும் சொல்லாமல் தீப்பெட்டியை என்னிடம் நீட்டுவான்.
மார்கழி வாடையில் சட்டைப் பொத்தானையும்.

சிங்காரத்தோப்புக் கரையில் படகு நின்ற இரண்டு நாளில்
மாட்டினேன்.
செதில் செதிலான தகடுகளின் இடுக்கில்
எந்த மலையிலோ காய்ந்த புல்.
சைக்கிள் பம்பு வைத்து ஊதி எடுத்தேன்.
என்ஜினின் கொதிநீர் வர ஒரு குழாய், திரும்பிப் போக ஒன்று.
கேபின் பலகையில் போட்ட ஓட்டை
விரல்கடை பெரிதாகிவிட்டது.
அறுந்த செருப்பை வெட்டி அடைத்தேன்.
விசிறி இருபத்துநாலு வோல்ட்,
எங்கள் பேட்டரி பன்னிரண்டு.
பாதித் தூக்கத்தில் எழுந்தவன்போல் சுற்றியது.
சுற்றியது, அது போதும்.

மூடியின் உட்புறம் ஆணியால் கீறிய இந்தி எழுத்துகள்,
கீழே ஒரு தேதி.
படகில் ஏழு பேர், படிக்க ஒருவருமில்லை.
"வண்டி நம்பரா இருக்கும்" என்றான் ஓட்டுகிற தாண்டவன்.
"பொம்பளை பேரு" என்றான் இருசப்பன்,
பார்த்தவன்போல.

முதல் காற்று வந்தது,
ஈரமே அறியாத தூசியின் வாசனையோடு.
இருசப்பன் கைகளை நீட்டினான்.
மரத்துப்போன விரலுக்குள் ரத்தம் திரும்பும்போது
முதலில் வலிக்கும்போல,
என் அம்மாவை இழுத்துத் திட்டினான்.
அப்புறம் நகரவே இல்லை.
அடுத்த நடையில் அங்கே
பனியன் காய்ந்தது, நமுத்த அப்பளம் காய்ந்தது,
வலைக்காரப் பையனின் ஜீன்ஸ் காய்ந்து
தானாகவே நின்றது.

பங்குனி.
தடைக்காலத்துக்கு ஒன்பது நாள்.
இருபது பாகத் தண்ணீர், இலை அசையாத மதியம்.
வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது.
பம்பைப் பிரித்தேன்:
இறக்கையில் மூன்று இதழ் உதிர்ந்து கிடந்தது.
மாற்று இறக்கை
என் முகத்துக்கு நேரே, சதுரமாய்,
அப்பளப் பொடி ஒட்டிக்கொண்டு
சும்மா இருந்தது.

தாண்டவனிடம் சொல்லவில்லை.
வால்வை முழுக்கத் திறந்து விசிறியைப் போட்டேன்.
"பைத்தியமாடா உனக்கு?"
என்ஜினின் காய்ச்சல் கேபினுக்குள் வரத் தொடங்கியது.
முள் நின்றது. யோசித்தது.
நூல் பிசகாமல் கொஞ்சம் இறங்கியது.

கால் வேகத்தில் மூன்றரை மணி நேரம்.
சுக்கான் பிடித்த கை வழுக்கியது.
மூக்கு நுனியிலிருந்து சொட்டுவதை
யாரும் துடைக்கவில்லை.
இருசப்பன் ஐஸ் அறையிலிருந்து ஏறி வந்தான்.
அன்று படகில் குளிர்ந்தவை அவன் கைகள் மட்டும்.
ஒன்றைத் தாண்டவனின் பிடரியில் வைத்தான்,
ஒன்றை என் பிடரியில்.
சூடாகிவிட்டால் கீழே இறங்கிப்போய்
திரும்ப எடுத்துவந்தான்.

உப்பனாற்று முகத்துவாரம் தாண்டி
படகு அணைந்தபோது
குணவதியக்கா கரையில் நின்றாள்.
தொப்பலாய் இறங்கிய எங்களைப் பார்த்து,
பிறகு அண்ணாந்து பார்த்து,
"கடல்ல மழையா?" என்றாள்.

எனக்கு நாக்கு எழவில்லை.
பக்கத்தில் இருசப்பன்
பீடிக் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.